தலைக்கு மேல் ஒரு சாண்

மர்பி டவுனில் ஆட்டோவுக்கு ஹூட் தைக்கும் பழனிச்சாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. புரியாத விஷயத்தை யாராவது சொன்னால் உடனே "ஆகட்டும் சார்" என்று சொல்லிவிடுவார். சொல்பவர் மனம் நோகக் கூடாது என்பது ஒரு காரணம். வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். இருபது வருடத் தொழிலில் பெரும்பாலும் புரிந்தும் இருக்கிறது. ஆட்டோ, ஜீப், சின்ன லாரி, ஒரு தடவை சர்ச் சப்பரத்துக்கு மழை மூடி என்று எல்லாம் தைத்திருக்கிறார். படகுக்குத் தைத்ததில்லை.

படகு இரண்டு தெரு தள்ளி, டேரில் வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரு டிராலியின் மேல் நின்றது. டேரில் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் கடைசல் எந்திரம் ஓட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். அதற்கும் முன்னால், கல்யாணம் ஆவதற்கு முன், கொச்சியில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது பாய்மரப் படகு ஓட்டக் கற்றிருந்தார். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மங்களூரில் யாரோ கைவிட்டுப் போட்டிருந்த இந்தப் பழைய படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கடல் இல்லாத ஊருக்குப் படகு வந்ததைப் பார்த்து மர்பி டவுனே வாசலில் வந்து நின்றது. இரண்டு வருடம் அதைத் தேய்த்தார், பலகை மாற்றினார், பெயிண்ட் அடித்தார். மழைக்காலம் முடிந்ததும் மங்களூருக்குத் திருப்பி எடுத்துப் போய், மனைவி மௌரீனை ஏற்றிக்கொண்டு கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

நடுவில், 2003 ஜனவரியில், ஒரு காலை மௌரீன் எழுந்தபோது முகத்தின் இடது பாதி இழுத்துக்கொண்டிருந்தது. மருந்திலும் பயிற்சியிலும் வாய் சரியாகிவிட்டது. இடது கண் மட்டும் முழுதாக மூடவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். தூங்கும்போது இமையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். காற்று, தூசி, தண்ணீர் எதுவும் நேராகக் கண்ணில் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடலில் இந்த மூன்றில் இரண்டு எப்போதும் உண்டு.

அதனால்தான் டேரில் பழனிச்சாமியிடம் வந்தார். படகின் நடுவில், இடுப்பளவு உயரத்தில், மரப்பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குப் பின்னால் பள்ளத்தில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். அந்த அறைக் கூரையின் பின் விளிம்பில் கித்தானில் ஒரு மூடி நிற்க வேண்டும் என்றார் டேரில். வளைத்த பைப் இரண்டு, மேலே கித்தான், முன்பக்கம் பிளாஸ்டிக் ஷீட்டில் ஜன்னல். பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் டாட்ஜர்.

பழனிச்சாமி படகைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். ஆட்டோ ஹூட் பின்னால் மூடி, முன்னால் திறந்திருக்கும். ஜன்னல் ஷீட் முதுகுப் பக்கம் வரும். இவர் சொல்வது எல்லாம் தலைகீழாக இருந்தது. பின்பக்கம் திறந்து கிடந்தால் மழை உள்ளே வராதா என்று கேட்கலாமா என்று நினைத்தார். அதற்குள் டேரில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், படகு எப்படிச் சாயும் என்று கையை வீசி விளக்க ஆரம்பித்துவிட்டார். பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் போனது அது.

"ஆகட்டும் சார்" என்றார் பழனிச்சாமி.

டேரில் ஒரு காகிதத்தில் படம் வரைந்து அளவுகளை எழுதிக் கொடுத்தார். அகலம் ஐம்பத்திரண்டு அங்குலம். நீளம் முப்பத்தாறு. உயரம், கூரையிலிருந்து பதினாலு. பதினாலுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மாட்டிப் பாக்கணும் பழனி. திங்கட்கிழமை லாரி. அவ ஏறி உட்காந்து, கண்ணுக்கு ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னா இந்தப் போட்டு மங்களூர் போகுது. இல்லைன்னா கோவாக்காரன் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான், அவனுக்குக் குடுத்துடுவேன். அவ வரலைன்னா எனக்கு எதுக்குங்க போட்டு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்று பழனிச்சாமிக்குப் புரிந்தது. அன்று அவருக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

கிளம்பும்போது மௌரீன் டீ கொண்டுவந்து கொடுத்தார். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கேட் திறந்ததும் தெருக் காற்று உள்ளே வந்தது. அவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் கண்ணாடியின் ஓரத்தை மறைத்துக்கொண்டார். பழனிச்சாமி டீயை நின்றபடியே குடித்துவிட்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

கடையில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தபோது குழப்பம் அதிகமானது. பதினாலு அங்குலம் அவரை உறுத்தியது. அந்தத் தெருவில் ஹூட் தைக்கும் மூன்று கடைகளுக்கும் ஒரே சட்டம்தான்: உட்கார்ந்தவர் தலைக்கு மேல் ஒரு சாண் விட வேண்டும். மேட்டில் வண்டி குதித்தால் தலை கம்பியில் இடிக்கக் கூடாது. அதற்குக் குறைவாகத் தைத்தால் டிரைவர் மறுநாளே திரும்ப வந்து நிற்பான். பழனிச்சாமி மறுநாள் டேரில் இல்லாத நேரமாகப் போய், பெஞ்சிலிருந்து அறைக் கூரை எவ்வளவு உயரம் என்று அளந்தார். பதினெட்டு. பதினாலைச் சேர்த்தால் முப்பத்திரண்டு. வீட்டுக்கு வந்து மனைவி உஷாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, டேப்பைத் தலைக்கு நேராகப் பிடித்தார். உஷாவும் மௌரீனும் கிட்டத்தட்ட ஒரே உயரம். முப்பத்திரண்டே வந்தது.

"தலை தட்டுது" என்றார். "அந்தம்மா குனிஞ்சுதான் உட்காரணும். ஏற்கெனவே கண்ணு சரியில்ல. கழுத்தும் போகணுமா?"

"எனக்கு எதுக்கு டேப் புடிக்கிறீங்க? போய் அவங்களையே கேளுங்க" என்றாள் உஷா.

"உடம்பு சரியில்லாத பொம்பளைகிட்ட போய், உங்க தலை எம்மாம் உசரம்னு கேக்கச் சொல்றியா?"

"சரி, அவரையாவது கேளுங்க."

"அவர் கஷ்டத்துல இருக்காரு. பாவம், கணக்குல ஒரு சாண் உட்டுட்டாரு. அதைப் போய்ச் சொல்லிக் காட்டணுமா? நாமளே சேத்துத் தச்சுட்டா முடிஞ்சுது."

உஷா தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். பதினாலு என்று எழுதியிருந்ததைப் பழனிச்சாமி மனதுக்குள் ஒரு சாண், அதாவது ஒன்பது அங்குலம் கூட்டி, இருபத்துமூன்று ஆக்கினார். பைப் வளைக்கும் பட்டறையில் அதற்கேற்றபடி கால்களை நீட்டி வாங்கினார். கித்தானை வெட்டி, நனைத்து, காய வைத்து, இரண்டு தடவை மடித்துத் தைத்தார்கள். ஷீட் ஜன்னலைச் சுற்றி உஷா போட்ட தையல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. ஒரு நல்ல காரியத்தை யாருக்கும் சொல்லாமல் செய்கிறோம் என்ற சந்தோஷம் பழனிச்சாமிக்கு அந்தப் பத்து நாளும் இருந்தது. பிறருக்கு நல்லது செய்கிற சந்தோஷத்தில், அவருக்கு எது நல்லது என்று அவரையே கேட்க மறந்துபோவது நம் எல்லோருக்கும் நடப்பதுதான்.

மாதா திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, காலைப் பூசைக்குப் பிறகு, படகைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள். தெருவில் பாய்மரத்தை நிறுத்தவே முடியாது. கரண்டு கம்பியும் கேபிள் டிவி வயரும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. அதனால் இந்த இரண்டு வருடத்தில் மரம் ஒரு தடவைகூட நின்றதில்லை. சுவரோரம் சாக்கு சுற்றிப் படுத்துக் கிடந்த இரண்டு நீளக் கழிகளைச் சாரம் கட்டும் மரம் என்றுதான் பழனிச்சாமி இதுவரை நினைத்திருந்தார். அவையும் படகோடு மைதானத்துக்கு வந்ததைப் பார்த்து அவருக்கு லேசாகத் திகைப்பு.

டேரில் படகின் முன்பக்கம் கயிறுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழனிச்சாமியும், படகை இழுக்க ஆள் பிடித்து வந்திருந்த ஆட்டோ டிரைவர் சாமிநாதனும் ஹூட்டை மாட்டினார்கள். சாமிநாதன் பழனிச்சாமியின் பழைய வாடிக்கை. வாய் சும்மா இருக்காது.

"இன்னா குரு, ஜன்னலை முன்னாடி வெச்சுட்ட? இது ரிவர்ஸ்லயே போற வண்டியா?"

"அப்படித்தான் வேணுமாம்."

"எதுக்காம்?"

பழனிச்சாமி திருகாணியை முறுக்கிக்கொண்டே இருந்தார். டேரில் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதே என்றார். புதுசு எப்பவுமே பெரிசாகத்தான் தெரியும் சார், ஸ்வல்ப தண்ணி பட்டா அடங்கிடும் என்று சாமிநாதன் பதில் சொல்லிவிட்டான். டேரில் மறுபடியும் கயிற்றுக்குத் திரும்பினார்.

பூசை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக மைதானத்தில் கூடிவிட்டார்கள். திருவிழா முடிந்தும் சப்பரமா என்று ஒருவர் கேட்டார். சினிமா எடுக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். ஆறு பேர் சேர்ந்து பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு டேரில் இரண்டாவது கழியை எடுத்து, அதன் ஒரு முனையை மரத்தில் மாட்டினார். மறுமுனை, கயிற்றில் சற்றுத் தூக்கிக் கட்டியபடி, ஹூட்டுக்கு மேலாகப் படகின் பின்பக்கம் வரை நீண்டது. பாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் கழி அது. காற்று மாறும்போதெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய் வரும். இதெல்லாம் பழனிச்சாமிக்குத் தெரியாது. எதற்காக இத்தனை பெரிய கழியை உட்காரும் இடத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து தொங்கவிடுகிறார் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

மௌரீனைக் கைபிடித்து ஏற்றி, ஹூட்டுக்கு அடியில் வரும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்ததைப் பார்த்து, அந்தக் குழப்பத்திலும் பழனிச்சாமிக்கு ஒரு நிறைவு வந்தது.

டேரில் பாயை மேலே இழுத்து, கழியைத் தாங்கிய கயிற்றைத் தளர்த்தினார். ஆவணி மாதக் காற்று மைதானத்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பாய் படபடவென்று அடித்தது. கழி ஒரு பக்கமாகப் போய், கீழே இறங்கி நின்று, திடீரென்று மறுபக்கம் திரும்பியது. திரும்பிய வேகத்தில் ஹூட்டின் வளைந்த பைப்பில் டமாரென்று மோதியது. ஹூட் முழுதும் ஒரு பக்கம் சாய்ந்தது. மௌரீன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் குனிந்துவிட்டார்.

டேரில் பாயை உடனே இறக்கிவிட்டார். அடி எதுவும் படவில்லை என்று மௌரீன் கையசைத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

டேரில் ஹூட்டின் பக்கம் போகவே இல்லை. நேராகப் பாய்மரத்துக்குப் போய், கழியை மாட்டிய துளையைத் தடவிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். எட்டி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வழி தெரியாமல் நிற்கிறவரின் முகமாக இருந்தது.

"நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார், பொதுவாக எல்லோருக்கும் சொல்வது போல. பழைய துளை உளுத்துப்போனதால் போன வருடம் அவரே புதுத் துளை போட்டாராம். மரத்தைப் படுக்க வைத்தபடியே கணக்குப் போட்டதால் எங்கேயோ அரை அடி கீழே இறங்கிவிட்டதாம். மறுபடியும் துளை போட்டால் பழைய மரம் பிளந்துவிடும். நாளைக்கு லாரி.

"இருபத்தெட்டு வருஷம் அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு அளந்த கை. கண்ணும் போச்சு, கணக்கும் போச்சு. விட்டுடலாம் மௌரீன். கோவாக்காரன் இன்னைக்கு போன் பண்ணுவான்."

மௌரீன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அந்த நிமிடத்தில்தான் பழனிச்சாமிக்கு விளங்கியது. கழி எங்கே போகும், பதினாலு எங்கிருந்து வந்தது, அதற்கு அடியில் ஏன் இரண்டு கோடு என்பது எல்லாம் ஒன்றாக விளங்கியது. டேரில் டேப்பை எடுத்து ஹூட்டை அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. பழனிச்சாமி தைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று அவர் மனதில் அப்படியே இருந்தது. சும்மா இருந்தால் போதும். தப்பு டேரிலுடையதாகவே முடிந்துவிடும். சுற்றிலும் ஐம்பது பேர். அதில் பத்துப் பேராவது பழனிச்சாமியிடம் ஹூட் தைக்கக் கொடுத்தவர்கள். சாமிநாதன் வேறு பக்கத்தில் நிற்கிறான். நாளைக்கு ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி முடித்துவிடுவான்.

கூட்டத்தின் ஓரத்தில் உஷா டிபன் டப்பாவோடு நின்றிருந்தாள். அவள் அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. நல்ல மனிதர்களுக்குக் கடவுள் பெரும்பாலும் இப்படித்தான் உதவி செய்கிறார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் பேசாமல் நிற்கும் ஒரு ஆளாக.

"சார்" என்றார் பழனிச்சாமி. டேரில் காதில் அது விழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "சார், உங்க கணக்கு தப்பில்ல. நீங்க பதினாலு எழுதினீங்க. நான் இருபத்துமூணு வெச்சுட்டேன்."

டேரில் திரும்பினார். "என்ன வெச்சீங்க?"

"இருபத்துமூணு."

"ஏன்?"

"மேடம் தலை இடிக்குமேன்னு."

டேரில் படகில் ஏறி டேப்பை வைத்தார். இருபத்துமூன்று. கழியை நேராக்கி அதன் கீழேயும் வைத்தார். பதினேழு. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்கு சரி என்ற நிம்மதி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். எதை முதலில் காட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டு கோடு போட்டிருந்தேனே பழனி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருக்கணும் சார்."

"புரியலைன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லி இருக்கணும். முதல் நாள்லேர்ந்தே எனக்கு ஒண்ணும் புரியல சார். இந்தக் கழி ரெண்டையும் சாரம் கட்ற மரம்னு நினைச்சேன்."

சாமிநாதன் சிரிக்க வாயெடுத்தான். பழனிச்சாமி முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது என்று மெதுவாகச் சொன்னான். அது பொய்யாகவும் இருக்கலாம். இருந்தாலும் அந்த நேரத்தில் அது ஒரு உதவி.

டேரில் பெருமூச்சு விட்டுவிட்டு, மௌரீன் அந்த ஹூட்டுக்கு உள்ளே உட்கார வேண்டியதே இல்லை என்று விளக்கினார். அது தலையை மூடும் கூரை இல்லை. முன்னால் நிற்கும் தடுப்பு. அதற்குப் பின்னால் தள்ளி, தன் பக்கத்தில், அவள் உட்கார்ந்தால் போதும் என்றார்.

"பக்கத்துலன்னா, அந்தக் கடைசிலயா?" என்று கேட்டார் மௌரீன். அதுவரை பேசாமல் இருந்தவர் பேசியதும் இருவரும் அவரைப் பார்த்தார்கள். "அங்க உட்காந்தா காத்து என் மூஞ்சியில அடிக்காதா டேரில்?"

டேரில் அந்தக் கடைசி இடத்திலிருந்து ஹூட் வரை கையை நீட்டிப் பார்த்தார். பதினாலு என்பதை அவர் கழியின் உயரத்தை வைத்துத்தான் போட்டிருந்தார். மனைவியின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று அவரும் அளக்கவில்லை.

"இவரு என் தலைக்கு அளந்தாரு, அதுவும் அவர் பொண்டாட்டிய உட்கார வெச்சு. நீ இந்தக் கட்டைக்கு அளந்த. கண்ணு என்னோடது. ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

டேரில் பழனிச்சாமியைப் பார்த்தார், பழனிச்சாமி ஹூட்டைப் பார்த்தார்.

"நானும் சொல்லல" என்று மௌரீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திருவிழா ஒன்பது நாளும் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? நான் வரலைன்னு உன்கிட்ட சொல்ல தைரியம் குடுன்னு. எனக்குப் பயமா இருக்கு டேரில். இருக்கிற கண்ணும் போயிடுமோன்னு. ரெண்டு வருஷம் தேச்சுத் தேச்சு நின்ன மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது?"

டேரில் டேப்பைச் சுருட்டினார். பிறகு பிரித்தார். மறுபடியும் சுருட்டினார். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். சற்று முன்பு பழனிச்சாமியிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான். இப்போது அவற்றில் கோபம் இல்லை.

அப்போது பழனிச்சாமி ஒரு காரியம் செய்தார். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஹூட்டின் கால்களைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றினார். சாமிநாதனைக் கூப்பிட்டு மறுபக்கப் பைப்பைப் பிடிக்கச் சொன்னார். இருவரும் சேர்ந்து ஹூட்டைக் கீழே அழுத்தி, டேரில் எழுதிய உயரத்தில் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். கித்தான் தொளதொளவென்று இரண்டு பக்கமும் மடிந்து தொங்கியது.

"மேடம்" என்றார் பழனிச்சாமி. "எனக்குத் தெரியல. அதனால உங்களையே கேக்குறேன். இதுக்குப் பின்னாடி உட்காந்து பாருங்க. எந்த இடத்துல கண்ணுல காத்து படலையோ அந்த இடத்தைச் சொல்லுங்க. வேணாம்னாலும் சொல்லுங்க. இறக்கி வெச்சுடலாம்."

படகின் முன்பக்கம் காற்றைப் பார்த்தபடி டிராலியைக் கொஞ்சம் திருப்பினார்கள். மௌரீன் முதலில் டேரிலின் இடத்துக்குப் பக்கத்தில், கடைசியில் உட்கார்ந்தார். உடனே தலையை ஆட்டினார். ஒரு முழம் முன்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். ஹூட்டிலிருந்து ஒரு கை தூரம் வந்ததும் நின்றார். கறுப்புக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மைதானத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அவர் அதைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. மூடாத அந்தக் கண் சிவந்திருந்தது.

காற்று வந்தது. புழுதி ஷீட் ஜன்னலில் மணல் போட்டது போல் சலசலத்தது. மௌரீனின் நெற்றிக்கு மேலே நரைத்த முடி எழுந்து பின்னால் பறந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன முடி ஒன்றுகூட அசையவில்லை. பழனிச்சாமி பைப்பைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தலை வெளியே இருந்தது, கண் உள்ளே இருந்தது. இப்படி ஒரு ஹூட் உண்டா என்று அவருக்கு இன்னும் மலைப்பாக இருந்தது.

"தண்ணி?" என்றார் மௌரீன்.

பள்ளிக்கூடத் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து, சாமிநாதனின் இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்ள, அவன் முன்பக்கமிருந்து பீய்ச்சினான். தண்ணீர் ஜன்னலில் வழிந்தது. சில துளிகள் மேலே தாவி மௌரீனின் பின்கழுத்தில் விழுந்தன. முகம் நனையவில்லை. இன்னும் வேகமாக அடி என்றார். அடித்தான். மௌரீன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். உதடு அசைந்தது. என்ன ஜெபித்தார் என்று தெரியவில்லை. முந்தைய ஒன்பது நாள் ஜெபமாக இருக்காது.

"டேரில், நீதான் ஒரு முழம் முன்னாடி வந்து உட்காரணும்" என்றார். "நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்."

டேரில் அவரைப் பார்த்தார். "வர்றியா அப்ப?"

"பயமாத்தான் இருக்கு. கரை கண்ணுக்குத் தெரியற மாதிரியே போகணும். திரும்புன்னு நான் சொன்னா உடனே திரும்பணும். ஏன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"அப்ப வர்றேன்."

டேரில் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குழாய்த் தண்ணீர் அவர் மேலும் தெறித்திருந்தது.

அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டேரில் தன் ரம்பத்தைக் கொண்டுவந்து, பைப்பின் கால்களை ஒன்பது அங்குலம் அவரே அறுத்தார். பழனிச்சாமி கித்தானைப் பிரித்து, அடிப்பக்கத்தைக் குறைத்து, புதிதாகச் சாக்பீஸ் கோடு போட்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால், இது சரியா சார் என்று கேட்டார். நாலாவது கோட்டிலேயே டேரிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உஷா கடை மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். மௌரீன் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு பெண்களும் ஆண்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியாது, அடிக்கடி சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஹூட் ஏறி, கழி அதன் மேல் மூன்று அங்குல இடைவெளியில் போய் வந்தது. இப்போது எங்கேயும் தட்டவில்லை.

மறுநாள் காலை லாரி தெருமுனையில் வந்து நின்றது. படகை ஏற்றிக் கட்டியதும் பழனிச்சாமி கடைசியாக ஒரு தடவை ஹூட்டின் பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். லாரி டிரைவர் ஓசூர்க்காரன். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு ஹூட்டையே பார்த்தான்.

"இது மழைக்காண்ணா?"

"இல்லப்பா, காத்துக்கு. காத்து அடிக்காம தடுக்கறதுக்கு."

டிரைவர் படுத்துக் கிடந்த பாய்மரத்தையும், சுருட்டிக் கட்டியிருந்த பாயையும் பார்த்தான். "இது காத்துலதானேண்ணா ஓடும்? காத்தைப் புடிக்க இம்மாம் பெரிய துணி. அப்புறம் அதே காத்தைத் தடுக்க இன்னொரு துணியா?"

பழனிச்சாமிக்கு அது தோன்றவே இல்லை. பாயைப் பார்த்தார், ஹூட்டைப் பார்த்தார். நேற்று மாலைதான் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்திருந்தார். வழக்கமாக வரும் "ஆகட்டும்" நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலப்பா. அந்தம்மாவைக் கேளு. அவங்கதான் அதுல போறவங்க."

மௌரீன் லாரியின் முன்சீட்டில், டேரிலுக்கும் டிரைவர் இடத்துக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்து, ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டது அவர் காதில் விழுந்திருந்தது.

"ரெண்டும் வேணும்ப்பா" என்றார். "நீ வண்டிய எடு."

டிரைவர் பீடியை அணைத்துவிட்டு ஏறினான். பழனிச்சாமியும் சாமிநாதனும் நீள மூங்கிலால் கேபிள் வயரைத் தூக்கிப் பிடித்தார்கள். அதன் அடியில் படகு மெதுவாகத் தெருவைத் தாண்டிப் போனது.